பினாயில் மெட்டு

நான் ஒருவனைப் பழிவாங்கியிருக்கிறேன். கோபத்தில் இரண்டு வார்த்தை ஏசிவிட்டு வந்த கதையல்ல. யோசித்து, காத்திருந்து, ஊர் பார்க்கச் செய்த காரியம். இதைக் கேட்பவர்கள் கடைசியில் நான் வருத்தப்படுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரி. என் வாப்பா பகலெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பார். தர்கா கந்தூரி, கல்யாணம் என்று யாராவது கூப்பிட்டால் பாட்டுக் கச்சேரியில் புல்புல்தாரா வாசிக்கப் போவார். டைப்ரைட்டரையும் வீணையையும் ஒன்றாகச் சேர்த்து ஆணி அடித்ததுபோல் இருக்கும் அந்த வாத்தியம். இடது கையால் பொத்தான்களை அழுத்த வேண்டும், வலது கையால் கம்பிகளை மீட்ட வேண்டும். பார்த்துப் பார்த்தே எனக்கு அது கைவந்துவிட்டது. உம்மாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "பொட்டப்புள்ள மேடையேறி வாசிச்சா எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்பாள். வாப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். மறுநாள் எனக்குப் புதுக் கம்பி வாங்கிக்கொண்டு வருவார்.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும்போதுதான் அவனைச் சந்தித்தேன். அம்பாசமுத்திரத்துப் பையன், கிட்டார் வாசிப்பான். கல்லூரி விழாவில் நான் புல்புல்தாரா வாசித்ததைக் கேட்டுவிட்டு நேரே என்னிடம் வந்து, "இதுல நடவுப் பாட்டு வாசிச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சிருக்கியா?" என்று கேட்டான். நான் யோசித்ததில்லை. அன்றிலிருந்து யோசிக்க ஆரம்பித்தேன். வார்த்தையே இல்லாமல், வாத்தியங்களை மட்டும் வைத்துக்கொண்டு நாட்டுப்புறப் பாட்டுகளை வாசிப்பது என்று முடிவு செய்தோம். மூன்றாவது ஆளாகத் தவில் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். கோயில் கொடைத் திருவிழாக்களில் நையாண்டி மேளம் வாசிப்பவர், எங்களைவிட நிறைய மூத்தவர், எங்கள் கிறுக்குத்தனம் அவருக்கும் பிடித்துப்போனது.

நல்ல வருஷங்கள் அவை. அதை மறைக்கவில்லை. திசையன்விளைப் பக்கம் கொடைக்குப் போய் கும்மிப் பாட்டு கேட்டோம். கடற்கரை ஊர்களில் வலை இழுக்கிறவர்கள் பாடுவதைக் கேட்டோம். மணிமுத்தாற்றில், மலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து குடியிருந்த பெண்கள், கொழுந்து பறிக்கும்போது பாடியதை எங்களுக்காகத் திரும்பப் பாடினார்கள். வங்காளம், ராஜஸ்தான் என்று வடக்கத்திப் பாட்டுகளையும் தேடிப் பிடித்து, அவற்றுக்குத் தவிலில் வில்லுப்பாட்டுத் தாளம் போட்டுப் பார்ப்போம். ஒப்பாரியை நான் கம்பியில் மீட்டும்போது அண்ணாச்சி தவிலை விரல் நுனியால் மட்டும் தொடுவார். கூட்டத்தில் யாராவது மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. அதைப் போட்டவனே அவன்தான். எந்தப் பாட்டை வாசித்தாலும் அது எந்த ஊர்ப் பாட்டு, யார் பாடிக் கேட்டது என்று பேரைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஒரு கச்சேரியில் நான் மறந்துபோய் வாசித்துவிட்டேன். கீழே இறங்கியதும் என்னிடம் சண்டைக்கு வந்தான். "அந்த அம்மா பேர முழுங்கிட்டியே! நாம என்ன களவாணிப் பயலுவளா?" என்று கத்தினான். அந்தக் கத்தலுக்காகவே அவனை நான் மதித்தேன்.

பிறகு வாப்பாவுக்கு வாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினோம். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். உம்மா என்ன கேட்டாலும் பதில் இல்லை. ஒரு மத்தியானம் என்ன தோன்றியதோ, புல்புல்தாராவை எடுத்து அவருடைய இடது கைப் பக்கம் வைத்தேன். அவர் விரல்கள் பைய ஊர்ந்து ஒரு பொத்தானை அழுத்தின. நான் கம்பியை மீட்டினேன். அடுத்த பொத்தானை அழுத்தினார். மறுபடி மீட்டினேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

அதற்குப் பிறகு அதுதான் எங்கள் பேச்சு. அவர் அழுத்துவார், நான் மீட்டுவேன். பாதியில் அவர் விரல் களைத்து நின்றுவிடும். மிச்சத்தை நான் அழுத்தி முடிப்பேன். பிடிக்கவில்லை என்றால் என் கையைத் தட்டிவிடுவார். பிடித்தால் கண்ணை மூடிக்கொள்வார். அப்படித் தட்டிவிட்டும் கண்ணை மூடியும் ஒரு மெட்டு உருவானது. கேட்டால் ஏதோ பழைய நாட்டுப்புறப் பாட்டு என்றுதான் யாரும் நினைப்பார்கள். முதல் பாதி குதித்துக்கொண்டு மேலே போகும். பின் பாதி மனசில்லாமல் இறங்கி வரும். மேலே போவது வாப்பா, இறங்கி வருவது நான்.

அவன் வாப்பாவைப் பார்க்க வரும்போதெல்லாம் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறான். உம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே தொடையில் தாளம் போட்டிருக்கிறான். எங்களுக்குள் அதற்கு 'வாப்பா மெட்டு' என்று பேர் வைத்தவனே அவன்தான்.

கொஞ்ச நாளில் அவனுக்குச் சென்னையில் ஒரு கம்பெனியோடு பழக்கம் கிடைத்தது. எங்கள் இசையைத் தொகுப்பாக வெளியிட வேண்டும் என்றார்கள். வாப்பாவை விட்டுவிட்டு என்னால் போக முடியவில்லை. "நீ இங்கன இரு, நான் போய் எல்லாத்தையும் சரி பண்ணுதேன். உனக்குள்ளது உனக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். தவில் அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு போனான். வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் நாங்கள் பயிற்சி செய்வதற்கு வைத்திருந்த அறை என்னிடம் மிஞ்சியது. நான் அதை ஒலிப்பதிவு அறையாக மாற்றினேன். கடைத் திறப்பு விழா விளம்பரம், காணாமல்போனவர்கள் அறிவிப்பு, தெருவில் காய்கறி விற்கிறவர்களுக்கு ஸ்பீக்கரில் போடும் குரல் என்று வருவதையெல்லாம் பதிந்து கொடுத்துப் பிழைத்தேன். கீழே பஸ் ஹாரன் ஓயாது. ஜன்னலில் பழைய மெத்தையை வைத்து அடைத்திருந்தேன்.

தொகுப்பு வெளிவந்த செய்தியை அவன் எனக்குச் சொல்லவில்லை. யாரோ அனுப்பிய பேட்டியைப் போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கழுத்தில் துண்டு, கையில் கிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த பெண் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் சொன்னான்: "மணிமுத்தாறு பக்கம் ஒரு வயல். முழங்கால் அளவு சேத்துல ஒரு ஆச்சி நின்னு நாத்து நட்டுக்கிட்டிருந்தாங்க. வாயில ஒரு பல்லுகூட இல்ல. அவங்க பாடினதுதான் இது. இன்னைக்கு அவங்க இல்ல. அந்த மெட்டு என்கிட்ட மட்டும்தான் இருக்கு."

பிறகு வாசித்தான். வாப்பா மெட்டு. புல்புல்தாராவுக்குப் பதிலாக யாரோ மாண்டலின் வாசித்தார்கள். வாப்பாவின் விரல் களைத்து நின்ற இடத்தில் நான் எடுத்துத் தொடர்ந்தேன் அல்லவா, அந்த இடத்தில் விழும் சின்ன இடைவெளியைக்கூட விடாமல் வாசித்தான்.

கீழே எழுதியிருந்தது: தாமிரபரணிக் கரை மரபுப் பாடல். சேகரிப்பும் இசை அமைப்பும் என்று அவன் பேர்.

திருடி, தானே உருவாக்கியதாகத் தன் பேரைப் போட்டுக்கொண்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. திருட்டுப் போன பொருளுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. இவன் சொந்தக்காரரே இல்லாமல் செய்துவிட்டான். என் வாப்பா மூச்சு விட்டுக்கொண்டு அடுத்த அறையில் கிடக்கிறார். நான் இங்கே நிற்கிறேன். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பல்லில்லாத ஒரு செத்த கிழவியாக்கிவிட்டான்.

போன் பண்ணினேன்.

"அந்த மெட்டு எங்க வீட்டுக் கட்டில்ல உண்டானது. நீ ஸ்டூல்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்த" என்றேன்.

"இல்லன்னு சொல்லல" என்றான். அவன் பேச்சு மாறியிருந்தது, முழுக்கச் சென்னைப் பேச்சு. "ஆனா உங்க வாப்பாவுக்கு அது எங்கேர்ந்து வந்திருக்கும்னு யோசிச்சுப் பாரு. சின்ன வயசுல எந்த வயக்காட்டுலயாவது கேட்டிருப்பார். மனசுல எங்கயோ கிடந்திருக்கும். அதைத்தான் மரபுன்னு சொல்றோம்."

"அப்ப சேத்துல நின்ன ஆச்சி?"

"ஜனங்களுக்கு ஒரு கதை வேண்டியிருக்கு. எல்லாரும் பண்றதுதான்."

"எங்க வாப்பா பேரு?"

"மரபு இசைன்னு சொல்லித்தான் தொகுப்பே வருது. அதுல ஒரு ஆள் பேரைப் போட்டா கம்பெனில ஒத்துக்க மாட்டாங்க. நீ ஏன் இதைத் தப்பா எடுத்துக்கற? ஒரு மெட்டு நாட்டுப்புறப் பாட்டா ஆயிடுச்சுன்னா அதுக்கு மேல அதுக்கு என்ன பெருமை வேணும்? அது யாருக்கும் சொந்தமில்ல. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். அதான் அதோட அழகே."

நான் போனை வைத்துவிட்டேன். ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். கேஸ் போடலாம், ஆனால் இழுக்கும், மெட்டு உங்களுடையது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும் என்றார். வாய் பேசாத வாப்பாவை எந்தக் கூண்டில் நிறுத்துவது? திரும்பி வந்துவிட்டேன். ஆனால் விட்டுவிடவில்லை. சோறு வடிக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அவனை என்ன செய்யலாம் என்றே யோசித்தேன். அவன் மேடையிலிருந்து தவறி விழுவதாக, மைக் அவன் கையைச் சுடுவதாக, எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்தேன். எதுவும் போதுமானதாக இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் பினாயில் அண்ணாச்சி என் மாடிப்படி ஏறி வந்தார்.

திசையன்விளைக்காரர். லோடு ஆட்டோவில் பினாயில், ஆசிட், சோப்பு ஆயில் எல்லாம் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று தெருத்தெருவாக விற்பவர். தொண்டை கரகரவென்று இருந்தது.

"கூவிக் கூவி சங்கு அடைச்சுப் போச்சு தங்கச்சி. ஒருக்கா பதிஞ்சு குடுத்தியன்னா ஸ்பீக்கர்ல ஓட விட்டுட்டு நான் பாட்டுக்கு வண்டி ஓட்டுவேன்" என்றார்.

"பதிஞ்சிருவோம் அண்ணாச்சி."

"முன்னால ஒரு பாட்டு வேணும். சினிமாப் பாட்டு வேண்டாம். அத வெங்காயக்காரன் போடுதான், மீன்காரன் போடுதான். எவன் வாரான்னே சனத்துக்குத் தெரிய மாட்டேங்கு. என் பாட்டக் கேட்டா பினாயில் நெனப்பு மட்டுந்தான் வரணும். வேற நெனப்பே வரக்கூடாது, பாத்துக்கோங்க."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்துக் கொடுத்தேன். நாளைக்கு வாங்க, பாட்டு தயாராக இருக்கும், காசு வேண்டாம் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வாப்பா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டியைப் போனில் காட்டினேன். அதுவரை நான் அவருக்குக் காட்டியிருக்கவில்லை. அவர் முகம் இறுகியது. பார்த்து முடித்ததும் போனைப் புறங்கையால் தள்ளிவிட்டார். பிறகு பினாயில் அண்ணாச்சி கேட்டதைச் சொன்னேன். "நம்ம மெட்டக் குடுக்கட்டுமா வாப்பா?" என்றேன். ஒரு பக்கம் மட்டும் அசையும் அந்த வாயில் ஒரு சிரிப்பு வந்தது. இடது கையை நீட்டினார். வாத்தியத்தை எடுத்துக்கொண்டு வந்து வைத்தேன்.

மைக்கைக் கட்டில் காலில் கட்டி அங்கேயே பதிந்தேன். அவர் அழுத்த, நான் மீட்ட. கேலியாக வாசிக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. மெட்டு இறங்கி வந்து முடியும் இடத்தில் என் குரலைச் சேர்த்தேன்: "பினாயில்... ஆசிட்... சோப்பு ஆயில்... கக்கூஸ் கழுவ, தரை துடைக்க, வாங்க தாயி வாங்க."

அண்ணாச்சிக்குப் பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. காலை தொடங்கி வெயில் ஏறும்வரை ஊர் முழுக்க அது ஓடியது. அவர் மச்சினன் இன்னொரு வண்டி வைத்திருந்தார், அவரும் வாங்கிக்கொண்டு போனார். பிறகு அவர்கள் ஊர்க்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு இன்னும் சிலர். வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? மெட்டுக்கு வார்த்தை கட்டிவிட்டார்கள்.

ஆசிட்டு வந்துட்டு அக்கா ஓடி வா
பினாயில் வந்துட்டு வாளியத் தூக்கி வா

பள்ளிக்கூட வேனில் பாடினார்கள். குழாயடியில் பெண்கள் முனகினார்கள். எங்கள் தெருவில் ஒருத்தி பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதே அதைப் பாடித்தான். கேட்கக் கேட்க எனக்கு வயிறு குளிர்ந்தது. எப்படியும் அவன் ஒருநாள் இந்த ஊருக்கு வருவான். புகழ் வந்தபிறகு சொந்த ஊரில் வாசிக்காமல் இருக்க அவனால் முடியாது. எனக்கு அவனைத் தெரியும்.

வந்தான். பாளையங்கோட்டையில் ஒரு பெரிய அரங்கம். ஊரெல்லாம் அவன் முகம் போட்ட பேனர். குடும்பம் குடும்பமாகப் பிள்ளைகளோடு வந்து அரங்கம் நிறைந்துவிட்டது. நான் நடு வரிசையில், மேடை நேராகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

நன்றாகத்தான் வாசித்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். கும்மிப் பாட்டுக்கு ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பின்னால் தவில் அண்ணாச்சி பட்டுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். இவனோ, போனில் என்னிடம் சென்னைப் பேச்சு பேசியவன், மேடையில் திருநெல்வேலிக்காரனாகிவிட்டான். "எப்படி இருக்கிய எல்லாரும்? நம்ம ஊரு அல்வா மாதிரி இருக்கியளா வே?" என்றான். ஜனங்கள் விசில் அடித்தார்கள்.

பிறகு விளக்கைக் குறைத்தார்கள். அவன் மேல் மட்டும் வெளிச்சம். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இப்ப ஒண்ணு வாசிக்கப் போறேன். இது உங்க மண்ணு. மணிமுத்தாறு பக்கம் ஒரு ஆச்சி..."

சேறு வந்தது. நாற்று வந்தது. பல்லில்லாத வாய் வந்தது. என் பக்கத்திலிருந்த அம்மா "அடப் பாவமே" என்று முணுமுணுத்தாள். "அந்த ஆச்சி எங்க இருந்தாலும் இத கேப்பாவ" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைத் தொட்டான்.

முதல் அடி முடியவில்லை. முன் வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் பிள்ளையின் குரல் தெளிவாகக் கேட்டது.

"யம்மா, பினாயில் வண்டி!"

அங்கங்கே சிரித்தார்கள். அவன் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டாவது அடிக்குப் போனான். பின்னாலிருந்து ஒருவன், "அண்ணாச்சி, எங்களுக்கு ரெண்டு பாட்டில்!" என்று கத்தினான். அரங்கமே வெடித்தது. கண்ணைத் திறந்தான். தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான், கிட்டாரைப் பார்த்தான். ஏதோ கம்பி தவறிவிட்டது என்று நினைத்திருப்பான்போல, முறுக்காணியைத் திருகிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அதுதான் தாமதம், பிள்ளைகள் கூட்டமாகப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஆசிட்டு வந்துட்டு அக்கா ஓடி வா. பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்சம் முன்னால் "அடப் பாவமே" என்றவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தவில் அண்ணாச்சி முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் முடியாமல் குச்சியைக் கீழே போட்டுவிட்டுத் தவில் மேலேயே கவிழ்ந்து சிரித்தார்.

அவன் வாசிப்பதை நிறுத்தினான். வெளிச்சம் அவன் மேலேயே இருந்தது. யாரும் அதை மாற்றவில்லை. நான் அந்த முகத்தை அவசரமில்லாமல் பார்த்தேன். காது சிவந்ததைப் பார்த்தேன். உதடு ஏதோ சொல்ல வந்து நின்றதைப் பார்த்தேன். என்ன நடக்கிறது என்று தெரியாத பயம் ஒன்று அந்தக் கண்ணில் இருந்தது. பிறகு அவன் பார்வை கூட்டத்தில் அலைந்து அலைந்து என்னிடம் வந்து நின்றது. நான் சிரிக்கவில்லை. கையை மட்டும் லேசாக உயர்த்திக் காட்டினேன். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மறுநாள் காலையில் என் அறைக்கு வந்தான். மூச்சிரைத்தது. சென்னைப் பேச்சு எங்கோ போயிருந்தது.

"பினாயில்காரனுக்கு நீதான குடுத்திருக்க?"

"ஆமா, நாந்தான்."

"ஏன் இப்படிப் பண்ணுன? உன் மெட்ட, உங்க வாப்பா மெட்டப் போயி கக்கூஸ் கழுவுத சாமானுக்குக் குடுத்திருக்கியே, உனக்கே அசிங்கமா இல்லியா?"

"எங்க வாப்பா மெட்டா? அந்த ஆச்சி பாடுனதுல்லா அது?"

நான் அதோடு நிறுத்தவில்லை.

"யாருக்கும் சொந்தமில்ல, யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு நீதான சொன்ன. பினாயில் அண்ணாச்சி எடுத்துக்கிட்டாவ. நல்லா ஓடுது."

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "நேத்து ராத்திரியே எல்லாரும் படம் புடிச்சுப் போட்டுட்டானுவ. துபாய்ல இருந்து ஒருத்தன் பினாயில் இருக்கான்னு கேட்டு எழுதுதான். நான் எங்கன போயி வாசிப்பேன்?" என்றான். பிறகு, "சரி, பேர மாத்திருதேன். உன் பேரையும் என் பேரையும் போடுவோம்" என்றான்.

"வாப்பா பேரு?"

"அதையும் போடுவோம்."

"உன் பேரு எதுக்கு?"

அந்த ஆச்சி பொய் என்று அவன் வாயாலேயே, முகத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும் என்றேன். அதைவிட ஒரு சொல் குறைந்தாலும் வண்டிகள் சென்னைக்கும் வரும் என்றேன். சென்னையில் எனக்கு ஒரு வண்டியும் தெரியாது. அவனுக்கு அது தெரியாது. படியில் இறங்கிப் போகும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனான்.

சில வாரம் கழித்து வீடியோ ஒன்று போட்டான். அந்த மெட்டை உருவாக்கியவர்கள் இன்னாரும் அவர் மகளும்தான், வயலில் பாடிய ஆச்சி என்பது என் கற்பனை, தவறு என்னுடையது என்று கீழே பார்த்துக்கொண்டே வாசித்தான். பலமுறை அதைப் பார்த்தேன். முதல் தடவை என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்ள. மற்றதெல்லாம் ருசிக்கு. வாப்பாவுக்கும் காட்டினேன். அவர் பேரை அவன் சொல்கிற இடம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தச் சொன்னார். திரும்பப் போடச் சொன்னார்.

தவில் அண்ணாச்சியும் ஒருநாள் வந்தார். "எனக்கு எல்லாம் தெரியும் தாயி. சோத்துக்காக வாயத் தொறக்காம இருந்துட்டேன்" என்று கண் கலங்கினார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, சொல்லவும் இல்லை.

இதில் எனக்கு நஷ்டமே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த மெட்டை இனி என்னால் எந்த மேடையிலும் வாசிக்க முடியாது. உறவில் ஒரு கல்யாணத்தில் வாசித்துப் பார்த்தேன். மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். கேட்டவர்களைக் கண் கலங்கவைத்த மெட்டு அது. நானேதான் அதை இப்படி ஆக்கினேன். தெரிந்தேதான் செய்தேன். அவன் கையில் அழகாக இருப்பதைவிட என் கையில் நாறட்டும் என்று இருந்தது.

போன மழைக்காலத்தில் வாப்பா மௌத்தானார். அடக்கம் முடிந்து சில நாள் பினாயில் அண்ணாச்சி எங்கள் தெருவுக்குள் வரும்போது ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத்தான் வந்தார். வண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். ஒருநாள் உம்மா உள்ளிருந்தபடியே என்னைக் கூப்பிட்டாள். "ஏன் அவரு பாட்டப் போடாமப் போறாரு? அது உங்க வாப்பா கை வாசிச்சதுல்லா? போடச் சொல்லு" என்றாள். நான் வாசலுக்குப் போய்ச் சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். உம்மா வெளியே வரவில்லை. ஜன்னல் கதவை மட்டும் திறந்துவைத்தாள்.

இப்போது அவன் புதுத் தொகுப்பு ஒன்று வெளியிட்டிருக்கிறான். வந்த அன்றைக்கே காதில் மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். பாட்டை ரசிக்க அல்ல. யாருடையதையாவது முழுங்கியிருக்கிறானா என்று பார்க்க. ஒவ்வொரு பாட்டுக்குக் கீழேயும் எழுதியிருக்கிறான்: இந்த ஊர், இந்தத் தெரு, இன்னார் பாடியது, அவர் இன்னாரிடம் கற்றது. கடற்கரையில் நாங்கள் ஒன்றாகப் போய்க் கேட்ட வலைப் பாட்டுக்கு, பாடிய நான்கு பேர் பேரையும் ஒன்றுவிடாமல் போட்டிருக்கிறான். ஒருவரின் பேரை எழுத்துப்பிழையோடு முதலில் போட்டு, பிறகு திருத்தியிருக்கிறான்.

தெரிந்தவர்கள், "பாத்தியா, திருந்திட்டான்" என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அது அவனுடைய பயமாகத்தான் தெரிகிறது. பயந்தே இருக்கட்டும். அடுத்ததும் வரட்டும், கேட்கிறேன்.